வேர்க்குரு இல்லாத மே மாதம்

மே மாதத்தில், அதுவும் கொல்கத்தாவில், ஒரு பெண் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால் அவள் புருஷன் யோசிக்கத்தான் வேண்டும். நவநீத் யோசித்தான். பத்து நாளாக வேறு எதையுமே அவன் யோசிக்கவில்லை.

முந்தைய நாலு கோடையும் மிருதுளா பட்ட பாடு அவனுக்குத் தெரியும். ஏப்ரல் பிறந்தால் கழுத்தில் வேர்க்குரு ஆரம்பிக்கும். முதுகு, இடுப்பு, முழங்காலுக்குப் பின்புறம் என்று இறங்கி, மே மாதத்தில் உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. வாரத்துக்கு ஒரு பவுடர் டப்பா காலியாகும். சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவனைக் கண்டதும் அந்தத் திட்டு அப்படியே அவன் பக்கம் திரும்பும். அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

இந்த வருஷம் திட்டே இல்லை. கழுத்து பளிச்சென்று இருந்தது. ஏப்ரலில் வாங்கிய பவுடர் டப்பா பாதிகூடக் குறையவில்லை. அவன் தூக்கிப் பார்த்தான், காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்தான். சமையலறையில் அவள் ஏதோ மெட்டை முணுமுணுத்தாள். கீழ்வீட்டு ரஞ்சன் மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தபோது வாசலில் நின்று வங்காளியில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ரஞ்சன் வீட்டுச் சொந்தக்காரரின் தம்பி. முப்பது வயது, ஒடிந்து விழுகிற ஒல்லி, எந்நேரமும் கையில்லாத பனியனும் லுங்கியுமாகத் தண்ணீர் மோட்டாரைக் குடைந்துகொண்டிருப்பவன். அவளை 'பௌதி' என்று கூப்பிடுவான். பௌதி என்றால் அண்ணிதான், நவநீத்துக்கும் தெரியும். ஆனால் அண்ணிக்கு எதற்கு ஆறு மாம்பழம் என்று நம் ஆளுக்கு மூக்கில் வியர்த்தது.

மூக்கில் மட்டுமா வியர்த்தது? அவனுக்கு உடம்பெல்லாம் வியர்வைதான். சட்டைக்குள் அரைக்கை வைத்த வெள்ளை உடுப்பு ஒன்று, கால்சட்டைக்குள் முழங்கால் வரை இன்னொன்று. பகலும் இரவும், குளிக்கும் நேரம் தவிர, அது உடம்பில் இருந்தாக வேண்டும்.

அவர்கள் மார்மன் சபைக்காரர்கள். கோவையில் இஞ்சினியரிங் படித்த காலத்தில், டை கட்டிப் பெயர்வில்லை குத்திய இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஹாஸ்டல் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தேநீரை விட்டான், காப்பியை விட்டான், ஞானஸ்நானம் வாங்கினான். மிருதுளாவையும் அந்தச் சபையில்தான் பார்த்தான், அவளும் புதிதாகச் சேர்ந்தவள். கல்யாணமாகிச் சேமித்த பணத்தில் ஹாங்காங் போய், அங்கிருந்த சபைக் கோயிலில் இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். சாவு வரைக்கும் என்பதல்ல அந்தக் கல்யாணம், சாவுக்கு அப்புறமும். பிறக்கிற பிள்ளைகளும் அப்படியே, என்றென்றைக்கும் அவர்களுடையவர்கள். அந்த வாக்கை மறக்காமல் இருக்கத்தான் உடம்போடு ஒட்டிய அந்த வெள்ளை உடுப்பு.

பிள்ளை ஒன்று பிறந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஊரில், இரண்டரை மாதம் முந்திக்கொண்டு பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனது. அக்‌ஷயா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வாக்கு தவறாமல் இருந்தால் அக்‌ஷயா திரும்பக் கிடைப்பாள். விட்ட இடத்திலிருந்து வளர்க்கலாம். நவநீத் இதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷமாக எழுந்து, குளித்து, ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தான். உடுப்பைக் கழற்றினால் பிள்ளை போய்விடும் என்று சபையில் யாரும் இவ்வளவு கறாராகச் சொன்னதில்லை. அவனாகச் சொல்லிக்கொண்டதுதான். ஆனால் அவனாகச் சொல்லிக்கொண்டதை அவனால் மீற முடியவில்லை.

இந்த நிலையில்தான் அவன் துணிக்கயிற்றைக் கவனிக்க ஆரம்பித்தான்.

உடுப்பை நாலு பேர் பார்க்க மாடியில் காயப்போட மாட்டார்கள். உள்ளறையில் கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டுத்தான் காயவைப்பார்கள். நவநீத்துக்கு வேலை கார்டன் ரீச்சில், ரயில்வே தலைமை அலுவலகத்தில், சிக்னல் வரைபடங்களைச் சரிபார்ப்பது. வரைந்தவன் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் நவநீத்தின் பச்சை மைக் குறி விழாமல் ஒரு தாளும் வெளியே போகாது. ஒரு கோடு இடம் மாறியிருந்தால் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்கு, கயிற்றில் தொங்கிய மிருதுளாவின் மேலுடுப்பில் இடக்கை மடிப்பிலிருந்து ஒரு நூல் பிரிந்து அரை விரல் நீளம் தொங்குவது தெரிந்தது. புனிதமான துணியில் பேனாவால் குறி வைக்க அவனுக்கு மனம் வராது. குறியே வேண்டியிருக்கவில்லை, நூல் இருந்தது.

திங்கள் அந்த நூல் தொங்கியது. செவ்வாயும் தொங்கியது. அவளிடம் எட்டு ஜோடி இருந்தது. எட்டு நாளைக்கு ஒரு முறைதான் அந்த நூல் கயிற்றுக்கு வரவேண்டும். புதனும் வந்தது, வியாழனும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை அவன் கிட்டே போய் அந்தத் துணியின் கழுத்துப் பக்கத்தையும் கக்கத்தையும் பார்த்தான். அவனுடைய உடுப்புகளில் அந்த இடமெல்லாம் பழுப்பேறி, எத்தனை துவைத்தாலும் போகாமல் நின்றது. அவளுடையது மார்ச்சில் வாங்கிய ஜோடி, இன்னும் பால் வெள்ளை.

ஆக, உடுத்துவதே இல்லை. உடுத்தாத ஒரே துணியைத் தினமும் நனைத்துப் பிழிந்து, அவன் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறாள்.

அவனுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். அக்‌ஷயாவின் ஒரு கையை அவன் பிடித்திருக்க, மறு கையை அவள் விட்டுவிட்டாள் என்றே அவனுக்குத் தோன்றியது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. யாருக்காக விட்டாள்?

பதினோரு நாளில் ஒன்பதாவது நாள் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நர்ஸ் பூர்ணிமா, ஒடிசாக்காரி, கண்டிப்பான பெண், தகப்பனும் பிள்ளையை மார்பில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். குறைமாதப் பிள்ளைக்கு அதுதான் மருந்து, தோலோடு தோல் படவேண்டும், பிள்ளைக்குச் சூடு கிடைக்கும், மூச்சு சீராகும். மிருதுளா தினமும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். நவநீத் சட்டையைக் கழற்றினான். "அதையும்" என்றாள் பூர்ணிமா, வெள்ளை உடுப்பைக் காட்டி. அவன் தயங்கினான். இந்த மாதிரி நேரத்தில் கழற்றலாம், தப்பே இல்லை, அது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒன்பது நாளும் கடவுளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தவன் அவன். அந்த நேரம் பார்த்து அதை உடம்பிலிருந்து எடுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. "இருக்கட்டும், நாளைக்குக் கழற்றிக்கிறேன்" என்றான். பூர்ணிமா முகத்தைச் சுளித்துக்கொண்டே துணிக்கு மேலேயே பிள்ளையை வைத்தாள். இருபது நிமிஷம் இருந்தது. மறுநாள் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை.

அந்த உடுப்பு ஒன்றுமில்லை என்றாகிவிட்டால், தன் பிள்ளையின் தோலை அவன் தொடாமல் விட்டது ஒன்றுமில்லாததற்காக. இந்த ஒரு நினைப்பு பக்கத்தில் வரவிடாமல்தான் அவன் அதற்கப்புறம் வந்த கோடையெல்லாம் வெந்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை, ஆபீசில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், எதிர்வரிசை இனிப்புக்கடையில் உட்கார்ந்துகொண்டான். வாங்கிய இரண்டு சந்தேஷும் தட்டில் ஈ மொய்க்கக் கிடந்தன. பதினொரு மணிக்கு மிருதுளா வெளியே வந்தாள். மெல்லிய மஞ்சள் பருத்திச் சேலை, தலை நிறைய ஈரம். கீழே மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ரஞ்சனிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். இவளும் தலையாட்டினாள்.

அவள் முன்வாசல் வழியாகப் பஸ் ஏறினாள், நவநீத் பின்வாசல் வழியாக. பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, அவள் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதம் வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி அவன் ஒரு பருத்த ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். இரண்டடுக்குத் துணியும் தொப்பலாக நனைந்து, வியர்வை முழங்கால் வழியாகச் சாக்ஸுக்குள் இறங்கியது. தன் பெண்டாட்டியின் கழுத்தில் காற்று விளையாடுவதை அங்கிருந்து பார்த்தபோது அவனுக்குப் பொறாமையாக இருந்தது. ரஞ்சன் மேல் இல்லை, அவள் மேல்.

காளிகாட்டில் அவள் இறங்கியதும் அவனுக்கு இன்னொரு பயம் பிடித்தது. கோயிலுக்குப் போகிறாளா? பழைய சாமிக்கே திரும்பிவிட்டாளா? செம்பருத்தி மாலைக் கடைகளைத் தாண்டி அவள் நேரே நடந்தாள். பின்னாலேயே போன நவநீத்தை ஒரு பூசாரி தோளில் கைவைத்து நிறுத்தினார். அண்ணா, பூஜை கொடுக்க வேண்டுமா, வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றால் விடுகிறாரா? பேச்சு வளர்ந்தால் அவள் திரும்பிப் பார்ப்பாளே என்று, கையில் கிடைத்த ஐம்பது ரூபாயைத் திணித்துவிட்டு நம் மார்மன் தப்பி ஓடினான்.

அவள் கோயிலுக்குப் போகவில்லை. ஒரு சந்தில் திரும்பித் துணிக்கடை ஒன்றில் நின்றாள். எதிரே பாத்திரக்கடையில் தொங்கிய அண்டாக்களுக்கு நடுவிலிருந்து அவன் பார்த்தான். கடைக்காரர் எதையோ பிரித்துக் காட்டினார். கையில்லாத ஆண்பிள்ளை பனியன். மிருதுளா அதை விரல் இடுக்கில் தேய்த்துப் பார்த்தாள், பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நொப்போய்" என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. தொண்ணூறு. இரண்டு கொடுங்கள் என்றாள்.

அவன் ஹாங்காங்கில் வாங்கிய உடுப்பு தொண்ணூற்றைந்து அளவு. பனியன் என்று ஒன்றை அவன் தொட்டே பல வருஷமாகிறது. தொண்ணூறு அளவுக்குள் அடங்குகிற ஒல்லி ஆள் அந்த வீட்டில் ஒருத்தன்தான். எந்நேரமும் பனியனோடு இருப்பவனும் அவன்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தபோது, ஜெயித்த மாதிரியே இல்லை. அண்டாக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்றாவது முறை கேட்டார். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு அவன் அங்கிருந்து நகர்ந்தான்.

அவன் எங்கெங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு இலை அசையவில்லை. மிருதுளா உள்ளறையில் கயிற்றிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள். அவன் கையைப் பார்த்தாள். "எதுக்குங்க கரண்டி?"

"அது யாருக்கு?"

"எது?"

"காளிகாட்டுல வாங்கினியே. ரெண்டு பனியன்."

அவள் கையிலிருந்த துணியோடு அவன் பக்கம் திரும்பினாள். "எம் பின்னாடியே வந்தீங்களா?"

"யாருக்குன்னு கேட்டேன்."

"நீங்களே சொல்லுங்க. யாருக்குன்னு நெனச்சீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் சொன்னான். "கீழ இருக்கானே, அவனுக்கா?"

அவள் சிரித்துவிடுவாள் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, அலமாரியைத் திறந்து, கடைப் பையை எடுத்து அவன் மார்பில் அடிக்கிற மாதிரி எறிந்தாள்.

"போட்டுப் பாருங்க."

"இது தொண்ணூறு. எனக்குத் தொண்ணூத்தஞ்சு."

"அது மூணு வருசத்துக்கு முன்னாடி! கண்ணாடியப் பார்த்திருக்கீங்களா? ஆபீசுல எவனோ போட்ட கோட்ட எல்லாம் பாக்கறீங்க. சட்டை தோள்ல நிக்காம நழுவுது. ரஞ்சனுக்காமா ரஞ்சனுக்கு! மோட்டார் ஓடலைன்னா தண்ணி வராதுன்னு அவங்கிட்ட ரெண்டு வார்த்த பேசினா, அதுக்கு இதா?" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்குத்தான் வாங்கினேன். குடுத்தா என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துட்டே வாங்கினேன்."

அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். "அந்த நூலு" என்றான். "இடது கையில தொங்குமே. தெனமும் அதே துணிதான். எப்பருந்து?"

அவள் மறைக்கவில்லை. "வங்காளி வருசப்பொறப்பு அன்னிக்கு. சௌராஸ்தா ஸ்டாப்புல பஸ்சுக்குள்ள மயங்கி விழுந்துட்டேன். உங்ககிட்டச் சொல்லல. யாரோ ரெண்டு பொம்பளைங்க மூஞ்சியில தண்ணி தெளிச்சு, ஜாக்கெட்டத் தளத்தி, உள்ள பாத்துட்டு, இந்த வெயில்ல இத்தன துணியா, உனக்குப் பைத்தியமான்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து கழட்டினேன். கழட்டிட்டு உக்காந்திருந்தேங்க. ஏதாவது ஆகும், ஏதாவது ஆகும்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன்." அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணும் ஆகல. முன்னறை ஜன்னல் பக்கம் நின்னா காத்து மேல பட்டுச்சு. அவ்வளவுதான். நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கேன்னுதான் அழுகையா வந்துச்சு."

"அப்பறம் எதுக்குத் தொவச்சுத் தொங்கவிட்ட?"

"நீங்க கயித்தப் பாப்பீங்கன்னு தெரியும். நீங்க அவள நெனச்சு அதப் புடிச்சுட்டு இருக்கீங்க. நான் விட்டுட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போவீங்க."

வெளியே எங்கோ ஒரு ஜன்னல் அறைந்து சாத்திக்கொண்டது. நவநீத் கேட்டான். "அப்ப அக்‌ஷயா?"

மிருதுளா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் இறங்கியிருந்தது. "அவ நம்மளத் துணிய வெச்சா அடையாளம் கண்டுக்கப் போறா? எம்மேல படுத்திருந்தப்பெல்லாம் நான் அதப் போட்டிருக்கலையே. என் தோலத்தானே அவளுக்குத் தெரியும்?"

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குப் புரிந்தது. அவன் அவளைப் பார்க்காமல், கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப என்னைய எப்படிக் கண்டுக்குவா?"

மூன்று வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோதும், சின்னப் பெட்டியை வாங்கியபோதும் அவன் நிமிர்ந்தே நின்றான். இப்போது கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி அழுதான். "நாளைக்குன்னு சொன்னேன் மிருது. நாளைக்குக் கழட்டறேன்னு சொன்னேன். அந்தப் பூர்ணிமா சொல்லியும் கேக்கல."

அவள் அவன் முதுகில் கைவைத்தாள். சட்டையும் உடுப்பும் சேர்ந்து நனைந்து ஒட்டியிருந்தன. பிறகு அவன் தலையை நிமிர்த்தி, கழுத்துக்குக் கீழே குழிவிழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க படுத்திருந்தா" என்றாள். "உங்க உடுப்புக் கழுத்து எறக்கந்தானே? பூர்ணிமா அவள மேல தூக்கித்தான் வெச்சா. நெத்தி இந்தக் குழியில இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தேன். நீங்க துணியவே நெனச்சுட்டு இருந்தீங்க, அதான் தெரியல. இருவது நிமிசமும் இங்கதான்."

அவன் ஞாபகப்படுத்திப் பார்த்தான். பிள்ளையின் எடை தெரிந்தது, வெள்ளைத் துணி தெரிந்தது, மானிட்டரின் பச்சைக் கோடு தெரிந்தது. நெற்றி தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். நிஜமாகவே பார்த்தாளா, இல்லை தினமும் ஒரு துணியை நனைத்துத் தொங்கவிட்ட மாதிரி இதையும் அவனுக்காகத் தொங்கவிடுகிறாளா? கேட்டால் தெரிந்துவிடும். மூன்று கேள்வி போதும். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாள், குல்லாய் போட்டிருந்தாளா, அப்போது நீ எந்தப் பக்கம் நின்றாய்? வரைபடத்தில் ஒரு கோட்டை விடாதவனுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அவன் கேட்கவில்லை. அவள் விரல் இருந்த இடத்தில் தன் விரலையும் வைத்துக்கொண்டான்.

"இங்கயா?"

"ஆமாங்க. அங்கதான்."

புயல் வந்துவிட்டது. மாமரக் கிளை ஒன்று சன்ஷேடில் உரசியது, தெருவில் தகரம் உருண்டது, கீழே ரஞ்சன் மோட்டாருக்குச் சாக்கு போடச் சொல்லி யாரையோ கத்தினான். மிருதுளா எழுந்து, கயிற்றில் மிச்சமிருந்த வெள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தரையில் படாமல் மடிக்க அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அலமாரியில் இருந்தவற்றையும் சேர்த்து அவளுடைய எட்டு ஜோடியையும் பெட்டியில் வைத்தார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதா, போனால் என்ன சொல்வது என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அவன் சட்டையைக் கழற்றினான். பிறகு மற்றதையும் கழற்றி, அது நனைந்திருந்ததால் பெட்டியில் வைக்காமல் கயிற்றிலேயே போட்டான். மார்பும் முதுகும் சிவந்து, புள்ளி புள்ளியாக வெந்திருந்தன. மிருதுளா அதைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டினாள். மூன்று வாரமாக வராத திட்டு. பிறகு போய், இத்தனை வருஷமாகப் பகலில் திறக்காத உள்ளறை ஜன்னலைத் திறந்தாள்.

காற்று மழையோடு உள்ளே பாய்ந்து அவன் வெற்றுடம்பில் மோதியது. அவனுக்குச் சிலிர்த்தது. பனியனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ளாமல், கழுத்துக் குழியில் ஒரு விரலை வைத்தபடி ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றான்.